கீழ் லயத்துக்கு இறங்கிய ஆரோக்கியநாதர்

போன மாதம் ஹட்டனில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். மேடையில் பேசியவன் நன்றாகப் படித்த பிள்ளை. "நம்முடைய முன்னோர்கள் வாயில்லாப் பூச்சிகளாகவே வாழ்ந்து மடிந்தார்கள்" என்றான். சபை கைதட்டியது. பக்கத்து நாற்காலியில் இருந்த என் வயதுக்காரி ஒருத்தியும் கைதட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து வெளியே போய், பஸ் நிலையக் கடையில் ஒரு பிளேன்டீ வாங்கிக் குடித்தேன்.

என் வயதுக்காரர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். மழையில் நனைந்த கம்பளியின் வாடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நீளக் கூரையின் கீழ், குடும்பத்துக்கு ஓர் அறையாக வரிசையில் நிற்கும் லயத்துக் காம்பராக்களில் நடுச்சுவர் கூரையைத் தொடாமல் நிற்கும். பக்கத்து வீட்டுச் சண்டையும் சிரிப்பும் அதன் மேலாக ஏறி நம் வீட்டுக்குள் வந்து விழும். அந்தச் சத்தத்தை மறந்தீர்களா? வாயில்லாத சனமா அது? எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கம். அங்கே ஒரு வருஷம் ஆரோக்கியநாதர் கீழ் லயத்துக்கு இறங்கினார். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறோம். நான் சொல்கிறேன், பார்க்காதவர்களும் கேட்கட்டும்.

எங்களுடையது வேதக்காரக் குடும்பம், கத்தோலிக்கர். தோட்டத்தில் வேதக்காரர் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்கு மாரியம்மன். ஆனால் காய்ச்சல், கட்டி, ஆறாத புண் என்றால் இரண்டு சனமும் வந்து நிற்கிற இடம் ஒன்று இருந்தது. மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் நடுவே பாதை வளையும் இடத்தில் இருந்த ஆரோக்கியநாதர் கோயில். தகரக் கூரை, மூன்று பக்கமும் சுவர், முன்னால் இரண்டு பேர் படுக்கக்கூடிய ஒரு விறாந்தை. அவ்வளவுதான். திருச்சிப் பக்கமிருந்து வந்த முதல் சனம் சிலையைத் தலையில் சுமந்து வந்ததாகச் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, சிலையின் மூக்கு நுனியில் சாயம் உதிர்ந்து வெள்ளை தெரியும். அது வழியில் பட்ட அடி என்றுதான் நாங்கள் நம்பினோம்.

மற்றச் சாமிகளைப் போல இவர் கண்ணை மேலே உருட்டிக்கொண்டு நிற்க மாட்டார். வழிப்போக்கர் வேஷம். ஒரு கையில் தடி. தோளில் ஒரு கடல் சிப்பி. நாங்கள் கடலைக் கண்டதில்லை, ஆகவே அதைக் காளான் என்றே நினைத்திருந்தோம். மறு கையால் அங்கியைத் தொடைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அங்கே இருந்த காயத்தை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருப்பார். காயத்துக்கு நல்ல சிவப்புச் சாயம். காலடியில் ஒரு நாய், வாயில் ரொட்டி. ஆவணி மாதத்தில் திருநாள் வரும்போது பஜாரிலிருந்து பணிஸ் என்கிற இனிப்பு ரொட்டி வாங்கி வந்து மந்திரிப்பார்கள். முதல் பணிஸ் லயத்து நாய்களுக்கு. பிறகுதான் பிள்ளைகளுக்கு. எங்களுக்கு அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை.

அவருடைய கதையை உபதேசியார் சொல்லித்தான் கேட்டோம். பங்குச் சாமியார் எப்போதாவது வருவார். ஞாயிற்றுக்கிழமை செபம் சொல்ல, ஞானோபதேசம் படிப்பிக்க, பஜாரிலிருந்து குடையும் கோட்டுமாக வருகிறவர் உபதேசியார். கதை இதுதான். பிரான்சு தேசத்தில் ஒரு பெரிய அதிகாரியின் மகன். பிறக்கும்போதே நெஞ்சில் சிவப்பாக ஒரு சிலுவை மச்சம். தாய் தகப்பன் போன பிறகு சொத்தையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, உரோமாபுரிக்கு நடந்தே யாத்திரை போனார். வழியெல்லாம் கொள்ளை நோய். பெற்றவர்களே பிள்ளையை விட்டு ஓடிய ஊர்களில் இவர் நின்று, நோயாளிகளைத் தொட்டுத் தூக்கி, சிலுவை அடையாளம் போட்டுச் சுகமாக்கினார். கடைசியில் அந்த நோய் அவருக்கே வந்தது. தொடையில் கட்டி. ஊரை விட்டுக் காட்டுக்குப் போய்க் கிடந்தார். எவனோ ஒரு பணக்காரன் வீட்டு நாய் தினமும் எசமான் மேசையிலிருந்து ரொட்டியைக் கவ்விக்கொண்டு போய் அவருக்குக் கொடுத்தது. காயத்தை நக்கி ஆற்றியது. சுகமாகிச் சொந்த ஊருக்குத் திரும்பினால், அங்கே சண்டைக் காலம். இந்த ஆள் யார், எதிரியின் ஒற்றன் என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். போட்டது அவருடைய சொந்த மாமன். இவர் தன் பெயரைச் சொல்லவே இல்லை. சிறையிலேயே செத்துப்போனார். உடம்பைக் கழுவும்போதுதான் நெஞ்சு மச்சத்தைப் பார்த்து, ஐயோ நம்ம பிள்ளை என்று அழுதார்கள்.

"இதுலேருந்து நாம என்ன படிக்கிறோம்? அடக்கம். பொறுமை" என்று முடிப்பார் உபதேசியார்.

அரசாங்கம் நம்முடைய வோட்டை எடுத்துவிட்டு, நாம் இந்த நாட்டு ஆள் இல்லை என்று சொல்லிச் சில வருஷம் ஆகியிருந்த காலம் அது. என் அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. கோயிலில் வாயே திறக்காதவர். ஒரு ஞாயிறு கதை முடிந்ததும், "சொந்த ஊர்லயே நீ யாருடான்னு கேட்டுப் புடிச்சுப் போட்டாங்களா? அப்ப நம்ம ஆளுதான்" என்றார். சனம் சிரித்தது. உபதேசியார் சிரிக்கவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து என் சின்னம்மா கேட்டாள். "காட்டுக்கு அவரா போனாருங்களா, இல்ல வெரட்டி விட்டாங்களா?"

"தன்னால மத்தவங்களுக்கு நோய் வரக்கூடாதுன்னு அவராவே போனாரு."

"தொடையில கட்டியோட கெடக்குற மனுசன் அவனாவே எந்திரிச்சுக் காட்டுக்குப் போவானுங்களா? நீங்க பாத்தீங்களா?"

உபதேசியார் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. எங்களுக்கு அடுத்த காம்பராவில் தனியாக இருந்தாள். தனியாக இருந்ததற்குக் காரணம் சித்தப்பா. கலியாணமாகிப் பிள்ளை தங்கவில்லை என்று சொல்லி, கீழ் லயத்தில் வேறொரு பெண்ணோடு போய் இருந்துவிட்டார். அந்தப் பெண்ணை நான் கீழ் லயத்து அக்கா என்றே சொல்லி வந்தேன், இப்போதும் அப்படியே சொல்கிறேன். அவளுக்கு ஒரு பெண் குழந்தையும் பிறந்திருந்தது. சின்னம்மா யாரிடமும் போய் அழவில்லை, பஞ்சாயத்தும் வைக்கவில்லை. கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போவாள், வருவாள், வெற்றிலை போடுவாள், சத்தமாகச் சிரிப்பாள். புருஷன் விட்டுப்போன பெண் சத்தமாகச் சிரித்தால் லயம் என்ன பேசும் என்று உங்களுக்கே தெரியும். "இந்த வாயாலதான் அவன் போனான்" என்றார்கள். என் அம்மாவும் அப்படித்தான் சொன்னாள்.

அந்த வருஷத் தொடக்கத்தில் உபதேசியார் ஒரு காரியம் செய்தார். தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்திருந்த துரையின் வீட்டு அம்மா காரில் போகும்போது கோயிலைப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். சாமி தொடையைக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து. உபதேசியாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. பச்சைப் பட்டில் சின்னதாக ஒரு பாவாடை தைத்து வந்து, சிலையின் இடுப்பில் கட்டி, நூலால் இறுக்கித் தைத்துவிட்டார். காயம் மறைந்துவிட்டது. நாயின் தலை மட்டும் பாவாடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஆடியில் மழை பிடித்தது. விடாத மழை. குடிதண்ணீர் பிடிக்கிற பீலியில் தண்ணீர் செம்மண்ணாகக் கொட்டியது. கீழ் லயத்தில் ஒரு வீட்டில் காய்ச்சல் என்றார்கள். பிறகு எல்லா வீட்டிலும் என்றார்கள். நெருப்புக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்பார்கள். வயிறு ஊதி, நாக்கு வெடித்து, பிதற்றிக்கொண்டு கிடந்தார்கள். காய்ச்சல் நன்றாக முற்றியவர்களைத் தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். மற்றவர்கள் அப்படியே வீட்டில் கிடக்க வேண்டியதுதான். துரையின் கட்டளை வந்தது: கீழ் லயத்து ஆள் மேலே வரக்கூடாது, மேலே இருக்கிற ஆள் கீழே போகக்கூடாது. கோயிலுக்குக் கீழே பாதையின் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டி, காவல்காரர் ஒருவரையும் நிறுத்தினார்கள். அரிசி மூட்டையை மூங்கில் அருகே வைத்துவிட்டு வருவார்கள். எழுந்து நடக்கக்கூடிய யாராவது வந்து தூக்கிப் போவார்கள்.

பின்னாளில் நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். அது மூங்கில் கட்டி நிறுத்தக்கூடிய நோய் இல்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். தண்ணீரில் வருகிற நோய் அது. கீழ் லயத்துப் பீலிக்கு மேலேதான் மழையில் இடிந்த கக்கூஸ் சாக்கடைக் கான் ஓடியது. கானைக் கட்டியிருக்க வேண்டும். மூங்கிலைக் கட்டினார்கள்.

ஒரு நாள் அரிசி எடுக்க வந்த கீழ் லயத்துக்காரி ஒருத்தி, மேலே நின்ற சின்னம்மாவைப் பார்த்து மூங்கிலுக்கு அந்தப் பக்கமிருந்தே சத்தம் போட்டாள். "ஒன் புருசன லொறியில ஏத்திட்டாங்கடி! அவளும் புள்ளயும் படுத்துட்டாங்க. வாயில தண்ணி ஊத்த ஆளில்ல."

சொன்னவள் இரக்கத்தில் சொன்னாளா, குத்திக் காட்டச் சொன்னாளா, தெரியாது. சின்னம்மா வீட்டுக்கு வந்தாள். அரிசிக் குறுணல், உப்பு, கொத்தமல்லி, சீனி எல்லாவற்றையும் பொட்டலம் கட்டினாள். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அவளுக்கா போய் கஞ்சி காச்சப் போற?"

"அவளுக்கு வேற யாரு இருக்கா?"

"ஒன் வாழ்க்கையக் கெடுத்தவடி அவ!"

"கெடுத்தது அந்தாளு. இவ காச்சல்ல கெடக்குறா. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத. தள்ளு."

போய்விட்டாள். காவல்காரர் தடுத்தாராம். "எனக்கு வெத்தல குடுத்த கையி ஒங்க கையி. அந்தக் கையால என்னய அடிப்பீங்களாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே மூங்கிலுக்குக் கீழே குனிந்து போனாளாம். அவரே பிறகு சொன்னது.

சாயங்காலம் திரும்பி வந்தபோது கணக்கப்பிள்ளை எங்கள் லயத்து வாசலில் நின்றார். பெயர் பதிந்து ஆள் பிரிக்கிறவர் அவர்தான். துரையின் வாய் அவர் வாய். கீழே போனவள் மேலே வந்தால் இந்த லயத்தையும் அடைத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார். அப்பா இஸ்தோப்புத் திண்ணையில், அவள் காம்பராவுக்குப் போகும் வழியில், குறுக்கே நின்றுகொண்டிருந்தார்.

"இங்க புள்ளைங்க இருக்கு. நீ கீழயே இரு" என்றார் அப்பா.

"இது என் காம்பரா மச்சான்."

அப்பா நகரவில்லை. சின்னம்மா கம்பளியைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். அப்பா கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்த மனிதர்களும் எவ்வளவு கொடுமை செய்ய முடியும் என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்று முதல் அவள் ஆரோக்கியநாதர் கோயில் விறாந்தையில் படுத்தாள். விடிந்ததும் கீழே போவாள். அந்த அக்காவை மட்டுமா பார்த்தாள்? இந்தக் காம்பராவுக்கு வந்தவள் அந்தக் காம்பராவைத் தாண்டிப் போக முடியுமா? கஞ்சி காய்ச்சினாள், உடம்பு துடைத்தாள், பீத்துணி அலசினாள். ஒரு வீட்டில் தாயும் தகப்பனும் விழுந்து கிடக்க, குழந்தையின் பிணத்தை இவளே துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்தாள் என்றார்கள். மேல் லயத்தில் என்ன பேசினார்கள் தெரியுமா? புருஷனைத் திரும்ப மடக்கிக்கொள்ளப் போகிறாள் என்று. அந்த மனுஷன்தான் லொறியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாரே! அதையெல்லாம் யோசிக்க யாருக்கு நேரம்.

ஆனால் அம்மா, சாயங்காலம் அப்பா தொழிற்சாலையிலிருந்து வருமுன் தேங்காய் ரொட்டியைச் சுட்டு, சம்பலை நடுவில் வைத்து மடித்து, என் கையில் கொடுப்பாள். "விறாந்தையில வச்சிட்டு ஓடியாந்துரு. கிட்டப் போகாத." நான் வைத்துவிட்டு ஓடி வர மாட்டேன். தள்ளி உட்கார்ந்து அவள் தின்பதைப் பார்ப்பேன். சோடா போட்டு வெளுத்த துணியைப் போல அவள் கைகள் வெளிறிப் போயிருந்தன. ஒரு நாள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சிலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்ப நீதான்டி எனக்கு நாயி!"

என்னை யாரும் அவ்வளவு பெரிதாகப் பாராட்டியதில்லை. நானும் ஒருமுறை குரைத்துக் காட்டினேன்.

திருநாள் நெருங்கியது. ஒவ்வொரு வருஷமும் சாமி சப்பரத்தில் ஏறி எல்லா லயத்துக்கும் போவார். கடைசியாகக் கீழ் லயத்துக்குப் போய்த் திரும்புவார். இந்த வருஷம் சுற்றுப்பிரகாரம் கிடையாது, கோயிலில் செபம் மட்டும் என்று துரை சொல்லிவிட்டார். உபதேசியார் தலையாட்டிவிட்டு வந்தார். கீழே போகிறவர்கள் பேரை வெட்டிவிடுவோம் என்று கணக்கப்பிள்ளை லயம் லயமாகச் சொல்லிப் போனார். பேர் வெட்டினால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வேலை போகும், வேலையோடு காம்பராவும் போகும். நாடே இல்லை என்று ஆன சனத்துக்குக் காம்பராவும் போனால் நிற்க ஓர் அடி மண் இல்லை.

திருநாள் அன்று பிற்பகலில் மழை விட்டு மூடுபனி ஏறியது. மேல் லயத்துச் சனம், வேதக்காரரும் மற்றவர்களுமாக, கோயில் முன்னால் நின்றோம். பங்களாத் தோட்டக்காரர் யாருக்கும் தெரியாமல் வெட்டிக் கொண்டுவந்த டாலியாப் பூக்களால் சப்பரத்தை அலங்கரித்திருந்தார்கள். தூக்கத்தான் ஆளில்லை. உபதேசியார் மன்றாட்டைச் சொன்னார், நாங்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொன்னோம். முடிந்ததும் அவர் புத்தகத்தை மூடினார். "சந்தோசமா வீட்டுக்குப் போங்க" என்றார்.

அப்போதுதான் மூடுபனி கொஞ்சம் விலகிக் கீழ் லயம் தெரிந்தது. யாரோ கையை நீட்டினார்கள். கீழ் லயத்து வாசலில், ஒவ்வொரு வருஷமும் கட்டுவது போலவே, பெரணி இலையால் தோரணம் கட்டியிருந்தார்கள். நிற்கவே முடியாத சனம் கட்டிய தோரணம். ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. அதற்குக் கீழே, சாக்குகளின் மேல், ஆட்கள் உட்கார்ந்துகொண்டும் படுத்துக்கொண்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சின்னம்மா கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்தாள். சனம் அவள் மேலே பட்டுவிடாமல் ஒதுங்கி வழி விட்டது. நேராகச் சிலைக்குப் போனாள்.

"கீழ பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றாள்.

"துரை உத்தரவு இருக்கும்மா" என்றார் உபதேசியார். "சாமிக்கு எங்க இருந்தாலும் கேக்கும்."

"கேக்கும். ஆனா இவரு கேக்குற சாமியில்லீங்க. போற சாமி. நீங்கதானே படிச்சுக் குடுத்தீங்க?"

சொல்லிக்கொண்டே குனிந்து, பச்சைப் பாவாடையின் தையலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஒரே இழுப்பு. காயம் தெரிந்தது. ஈரத்தில் சாயம் கொஞ்சமும் மங்காமல், நேற்றுப் பட்ட புண் போல இருந்தது.

"ஐயோ, என்ன காரியம் இது!"

"காயத்த மூடிட்டா இவரு யாருன்னு சனத்துக்கு எப்புடித் தெரியும்?" பாவாடையை மடித்து உபதேசியார் கையில் மரியாதையாகவே கொடுத்தாள். "இத நீங்களே வச்சுக்குங்க."

சிலையைத் தூக்கிச் சப்பரத்தில் வைத்து, முன்கம்பு ஒன்றைத் தோளில் ஏற்றினாள். ஒரு கம்பை ஒருத்தி தூக்கினால் சப்பரம் எழும்பாது. கோணலாக நின்றது. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். நான் பக்கத்தில் திரும்பினேன். அம்மா இல்லை.

அம்மா மற்ற முன்கம்பில் இருந்தாள். கொழுந்தெடுக்கக் கட்டும் படங்குத் துணியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, தங்கையின் முகத்தைப் பார்க்காமல், தோளைக் கொடுத்திருந்தாள். பின்கம்புக்குப் பிள்ளைக் காம்பரா ஆயா வந்தாள். தாய்மார் மலைக்குப் போன பிறகு எங்கள் எல்லாருக்கும் பால் கொடுத்து வளர்த்தவள். நெற்றியில் பட்டையாகத் திருநீறு. "கீழ இருக்குறதும் நான் தூக்குன புள்ளைங்கதானே" என்றாள். நாலாவது கம்புக்குப் போட்டி வந்துவிட்டது. எங்கள் மலைப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

பெண்கள் சப்பரம் தூக்கி யாரும் பார்த்ததில்லை. உயரம் ஒத்துவரவில்லை, சாமி ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போனார். தப்பு அடிக்கிறவர் வரவில்லை. பெண்களே மன்றாட்டைப் பாடிக்கொண்டு இறங்கினார்கள், வார்த்தை தெரியாதவர்கள் குலவை போட்டார்கள். நாங்கள் பிள்ளைகள் பின்னால் ஓடினோம். மூங்கில் அருகே காவல்காரர் நின்றார். எங்களைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார். "நான் பீடி வாங்கப் போறேன். அதுக்குள்ள இங்க என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது" என்று சொல்லி, கடையே இல்லாத பக்கமாக நடந்து போனார். ஆயா கம்பை இன்னொருத்தி தோளுக்கு மாற்றிவிட்டு, மூங்கிலை அவிழ்த்துக் கானுக்குள் எறிந்தாள்.

கீழே போனதும் பாட்டு நின்றுவிட்டது. தலைமயிர் உதிர்ந்து, கண்கள் உள்ளே போய், பாதிப் பேரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. சப்பரத்தை ஒவ்வொரு வாசலிலும் இறக்கினார்கள். சனம் கையை நீட்டிச் சாமியின் தொடைக் காயத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. கீழ் லயத்து அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை, குச்சி போல. அவள் சாமியைத் தொடவில்லை. சின்னம்மாவின் காலைத் தொட வந்தாள்.

சின்னம்மா சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள். "சாமி அங்க இருக்காரு. இங்க என்னா தேடுற?" என்று அதட்டிவிட்டு, குழந்தையை வாங்கிச் சிலை நாயின் முதுகில் கையை வைக்கச் செய்தாள். குழந்தை நாயைப் பார்த்து ஏதோ சொல்லிற்று. அது வாய் திறந்து பேசி வெகு நாளாயிற்று என்று அந்த அக்கா அழுதாள். அற்புதம் என்று நான் சொல்ல மாட்டேன். காய்ச்சல் இறங்கும் காலம் வந்திருக்கலாம். நடந்ததைச் சொல்கிறேன்.

மறுநாள் பெரட்டு. உங்களுக்குத் தெரியும், விடிந்தும் விடியாததுமாக எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்க, கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு இன்ன மலை என்று அனுப்புவார். நாங்கள் பிள்ளைகள் மேட்டில் நின்று பார்த்தோம். சின்னம்மாவும் கூடையோடு வந்து வரிசையில் நின்றாள். எல்லார் பெயரும் கூப்பிட்டார். அவள் பெயரைக் கூப்பிடவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, "சரி, போங்க மலைக்கு" என்றார்.

ஒருவரும் நகரவில்லை.

"என்னா, காதுல விழலயா?"

"இன்னும் ஒரு பேரு பாக்கி இருக்குங்க" என்றாள் ஒருத்தி. குரல் யாருடையது என்று பார்க்க மேட்டில் எம்பி நின்றேன். என் அம்மா.

"அவ பேரு வெட்டியாச்சு. கீழ போனவளுக்கு இங்க வேல இல்ல."

"நாங்களும்தான் நேத்து கீழ போனோம். எங்க பேரையும் வெட்டுங்க."

"என் பேரையும் வெட்டுங்க" என்றாள் ஆயா. பிறகு வரிசை முழுவதும். கத்தவில்லை. ஒவ்வொருத்தியாக, பெயர் கூப்பிட்டதற்குப் பதில் சொல்வது போல, "என் பேரையும்", "என் பேரையும்" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். ஆண்கள் வரிசையில் ஒருவர் தலையிலிருந்த துண்டை எடுத்து உதறினார். அவரும் நகரவில்லை.

துரை ஜீப்பில் வந்தார். வெள்ளைக்காரர், தோட்டத்துத் தமிழ் கொஞ்சம் பேசுவார். "என்ன இது? மலைக்கு போ! கொழுந்து முத்தி போகுது!"

"முத்தட்டுங்க துரை" என்றாள் சின்னம்மா. அவ்வளவுதான் சொன்னாள். வணக்கம் வைத்துத்தான் சொன்னாள்.

வெயில் ஏறியது. பனி விலகிப் புல்லில் ஆவி பறந்தது. கூடைகள் காலியாகத் தொங்கின. கணக்கப்பிள்ளை ஜீப்பருகே போய் ஏதோ முணுமுணுத்தார், கொழுந்துக்குக் காத்து நிற்கும் தொழிற்சாலைப் பக்கம் கையைக் காட்டினார். துரை யாரையும் பார்க்காமல் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனார். கணக்கப்பிள்ளை புத்தகத்தைத் திறந்து, வாய்க்குள்ளேயே சின்னம்மாவின் பெயரைச் சொன்னார்.

"கேக்கலீங்க" என்றாள் சின்னம்மா.

இரண்டாவது முறை சத்தமாகக் கூப்பிட்டார்.

சித்தப்பா ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். கீழ் லயத்திலிருந்து லொறியில் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அதையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு வென்றோம் என்பதற்காகச் செத்தவர்களை மறைக்க மாட்டேன். மழை விட்டது, காய்ச்சலும் ஓய்ந்தது. கீழ் லயத்து அக்கா இருந்த காம்பரா சித்தப்பாவின் பெயரில் இருந்தது. ஆள் செத்ததும் அதை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிறு மத்தியானம். அந்த அக்கா ஒரு பாயும் ஒரு சட்டியுமாக, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் லயத்துக்கு ஏறி வந்தாள். முன்னால் சின்னம்மா, அவளுடைய துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு. லயம் முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார்.

"இவள எந்த முறையில இங்க கொண்டாந்து வச்சுக்கப் போற?" என்று கேட்டார். "சனம் கேட்டா நாங்க என்னா முறை சொல்றது?"

சின்னம்மா மூட்டையை இறக்கவே இல்லை.

"நீங்க நல்லா யோசிச்சு ஒரு முறையக் கண்டுபுடிச்சுச் சொல்லுங்க மச்சான். அதுவரைக்கும் இவங்க உள்ள இருக்கட்டும்."

உள்ளே போய்விட்டார்கள். நடுச்சுவருக்கு மேலாகச் சட்டியை வைக்கும் சத்தமும், பாயை உதறும் சத்தமும், பிறகு இரண்டு பெண்கள் எதற்கோ சிரிக்கும் சத்தமும் வந்தன. அப்பா அப்படியே நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் குழந்தை தத்தித் தத்தி இஸ்தோப்புக்கு வந்து, அவருடைய வேட்டி நுனியைப் பிடித்து நிமிர்ந்து பார்த்தது. உள்ளேயிருந்து யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

"பெரியப்பா" என்றது.

அப்பா லயத்தைப் பார்த்தார். லயம் அப்பாவைப் பார்த்தது.

"என்னம்மா" என்றார்.